ஒழிந்ததாம் அடிமைமுறை!

அடிமைமுறை ஒழிந்த வரலாறு என்று நம் பிள்ளைகளுக்குப் பள்ளியிலே எதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்? ஆப்பிரிக்காவிலே கறுப்பரைப் பிடித்தார்கள்; கப்பலிலே அடைத்தார்கள்; அமெரிக்கப் பருத்திக் காட்டிலே சவுக்கால் அடித்து வேலை வாங்கினார்கள்; ஆபிரகாம் லிங்கன் வந்தார்; 1863 சனவரி முதல் நாள் பிரகடனம் செய்தார்; 1865-இலே சட்டமும் திருத்தப்பட்டது; அடிமைகள் விடுதலை பெற்றனர். அவ்வளவுதான் பாடம். பத்து மதிப்பெண் கேள்வி. படிக்கிற பிள்ளையும் "அய்யோ பாவம், எங்கோ ஒரு நாட்டிலே எப்படியெல்லாம் நடந்திருக்கிறது!" என்று பெருமூச்செறிந்து புத்தகத்தை மூடி வைத்து விடுகிறது.

எங்கோ ஒரு நாட்டிலே! அதுதான் நம்மை உறுத்துகிறது. கும்மிடிப்பூண்டியிலே அந்தப் பாடத்தைப் படிக்கிற பையன், பொன்னேரியில் பஸ் மாறினால் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய தூரத்திலே, தன் சொந்த மாவட்டத்திலேயே ஓர் அடிமைத் துறைமுகம் இருந்தது என்பதை அறிவானா? அறியமாட்டான். அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பழவேற்காடு என்றால் அவனுக்கு ஏரி தெரியும், இறால் தெரியும், குளிர்காலத்திலே வந்திறங்கும் பூநாரை தெரியும். அவன் அப்பா இடுப்பிலே கட்டுகிற பளையக்காட்டு லுங்கி, அந்த ஊரின் பெயரைத்தான் சுமந்துகொண்டிருக்கிறது என்பதுகூடத் தெரிந்திருக்கலாம். அந்தத் துணி ஏறிய கப்பலிலேயே மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள் என்பதுதான் தெரியாது.

விஜயநகர மன்னரிடம் அனுமதி பெற்று 1610-இலே டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கால் ஊன்றினார்கள். 1613-இலே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரை முழுவதிலும் அவர்கள் நடத்திய வாணிகத்துக்கு அதுதான் தலைமையிடம். 1690-இலே நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரையில் அப்படியே இருந்தது. நெசவாளி நெய்த துணியை இங்கே வாங்கி, கீழ்த்திசைத் தீவுகளிலே கொடுத்து, வாசனைப் பொருளை வாங்கி, அய்ரோப்பாவிலே விற்றுக் கொழுத்த கம்பெனி அது. அந்தத் தீவுகளிலே பாண்டா என்று ஒரு கூட்டம் தீவுகள். ஜாதிக்காய் விளைகிற மண். அந்த மண்ணின் மக்கள் தங்கள் சொற்படி விற்க மறுத்ததால், 1621-இலே அவர்களைக் கொன்றும் துரத்தியும் தீவையே காலி செய்தான் கம்பெனியின் கவர்னர் கூன் என்பவன். தோட்டம் மிஞ்சியது, தோட்டத்தில் வேலை செய்ய ஆள் மிஞ்சவில்லை. ஆள் எங்கே கிடைக்கும்? பட்டினி கிடக்கும் கரையிலே கிடைக்கும்! ஜாதிக்காய்த் தோட்டத்துக்கு ஜாதி ஆண்ட நாட்டிலிருந்தும் ஆள் ஏற்றினார்கள், தோழர்களே. சரக்குக் கணக்கிலே மூட்டைக்குப் பக்கத்திலே மனிதன்.

1622-23 பஞ்சத்திலே ஏற்றினார்கள். 1646 பஞ்சத்திலே ஏற்றினார்கள். 1659-இலிருந்து 1661 வரை, தக்காணத்துப் படைகள் தஞ்சைச் சீமையைச் சூறையாடிப் பஞ்சம் தாண்டவமாடியபோது, தென்கரைத் துறைமுகங்களிலிருந்து ஏற்றப்பட்டோர் எட்டாயிரம் முதல் பத்தாயிரம் வரை இருக்கும் என்று வரலாற்றாய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இலங்கைக்கும், படேவியாவுக்கும், மலாக்காவுக்கும் போனார்கள். இக்கரையிலிருந்து ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள நன்னம்பிக்கை முனை வரையிலும் அடிமைகள் போனார்கள். ஆப்பிரிக்கனைப் பிடித்துத் தமிழனுக்கு விற்றார்கள் என்றல்ல, தமிழனைப் பிடித்து ஆப்பிரிக்கக் கரையிலே விற்றார்கள்! பிடித்தது முழுக்க வெள்ளைக்காரனா? இல்லை. தரகன் நம்மவன். விற்றது பல வேளையிலே பசி. வயிறு காய்ந்த தகப்பன் பிள்ளையை விற்றான். பிள்ளை போன பிறகு தன்னையே விற்றுக்கொண்டான்.

அந்தக் கோட்டை இப்போது இடிபாடு. டச்சுக்காரர் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலே பத்திரமாக இருக்கிறது. வாசலிலே எலும்புக்கூட்டுச் சிலை. வந்து பார்க்கிறவர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். விற்றவனுக்குக் கல்லறை உண்டு, கல்வெட்டு உண்டு. விற்கப்பட்டவனுக்கு ஒரு கல்கூடக் கிடையாது. 2022 டிசம்பர் 19 அன்று நெதர்லாந்தின் பிரதமர் ருட்டே, அடிமை வாணிகத்துக்காகத் தம் அரசின் சார்பிலே மன்னிப்புக் கேட்டார். ஆசியாவிலே விற்கப்பட்டோர் ஆறு லட்சத்துக்கும் மேல் என்று அந்த உரையிலேயே குறிப்பிட்டார். 2023 சூலை முதல் நாள் அந்நாட்டு மன்னரும் கேட்டார். நல்லது. கேட்டவர்களைக் குறை சொல்லமாட்டோம். நம் நாட்டிலே மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் வரிசை இதைவிட நீளம். அவர்களில் ஒருவர்கூட இன்னும் எழுந்து நிற்கவில்லை என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

வெள்ளையர் நாட்டிலே அடிமை ஒழிப்பு இயக்கம் எழுந்த கதைக்கு வருவோம். சுருக்கமாகவே சொல்லலாம். அடிமைக்கு விடுதலையைத் தங்கத் தட்டிலே வைத்து யாரும் கொடுத்து விடவில்லை. அய்ட்டித் தீவிலே 1791-இலே அடிமைகள் தாங்களே எழுந்தார்கள். பதின்மூன்று ஆண்டு போராடி 1804-இலே தனி நாடு கண்டார்கள். கண்டதற்குத் தண்டனையாக 1825-இலே பிரான்சு 15 கோடி பிராங்கு கேட்டது. "எங்கள் அடிமைகள் எங்களை விட்டுப் போய்விட்டார்கள், நட்டஈடு கொடு" என்று! இங்கிலாந்து 1807-இலே அடிமை வாணிகத்தைத் தடுத்தது. 1833-இலே அடிமைமுறையையே ஒழிக்கச் சட்டம் போட்டது. அதிலும் நட்டஈடு உண்டு, 2 கோடி பவுன். யாருக்கு? முதுகிலே தழும்பு உள்ளவனுக்கா? இல்லை, கையிலே சவுக்கு உள்ளவனுக்கு! அதற்காக வாங்கிய கடனை இங்கிலாந்து மக்கள் 2015 வரையில் வரியாகக் கட்டி முடித்தார்கள் என்றால், கேட்பவருக்கு வேடிக்கையாக இருக்கும். உண்மை அது.

அந்த 1833 சட்டத்திலே ஒரு மூலையிலே ஒரு வரி. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கு இது செல்லாது என்று. உலகத்துக்கெல்லாம் விடுதலை, நமக்கு மட்டும் விலக்கு!

ஏன் விலக்கு? இங்கே அடிமை இல்லையா? இருந்தது. இருப்பது துரைத்தனத்துக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். 1819-இலேயே சென்னை வருவாய் வாரியம் தன் கலெக்டர்களைக் கேட்டு, தமிழ்நாட்டு வயல்களிலே வழிவழியாக அடிமைகள் இருக்கிறார்கள், நிலத்தோடு சேர்த்தும் நிலமில்லாமலும் கைமாறுகிறார்கள் என்று ஏட்டிலே எழுதி வைத்துக்கொண்டது. எழுதி வைத்துக்கொண்டு என்ன செய்தது? எழுதி வைத்துக்கொண்டது, அவ்வளவே. அடிமை உழுதால்தான் மிராசுதாருக்கு நெல். மிராசுதாருக்கு நெல் வந்தால்தான் துரைத்தனத்துக்கு வரி. வரி தருகிற பசுவைக் கட்டிய கயிற்றை எந்தத் துரை அவிழ்ப்பான்? கேட்டால், அது இந்நாட்டு மக்களின் பழக்கவழக்கம், மத ஆசாரம், நாங்கள் தலையிடக் கூடாது என்று சாத்திரம் பேசினார்கள். சூத்திரனுக்கும் பஞ்சமனுக்கும் ஊழியமே தர்மம் என்று மனுவின் பெயரால் எழுதி வைத்த கூட்டத்துக்கும், வரி கேட்ட துரைக்கும், அந்த ஓர் இடத்திலே கை குலுக்கல் நடந்தது.

கடைசியிலே 1843-இலே அய்ந்தாவது சட்டம் வந்தது. அதன் முதற் பிரிவைப் படித்தால் முழுக் கதையும் விளங்கும். நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றவோ வரிபாக்கி வசூலிக்கவோ, அடிமை என்ற பெயரால் மனிதனைச் சர்க்கார் அதிகாரி விற்கக் கூடாது என்கிறது அது. கூடாது என்று எழுத வேண்டியிருந்தது என்றால், நடந்துகொண்டிருந்தது என்றுதானே பொருள்? மாட்டை ஏலம் போடுவது போல மனிதனை ஏலம் போட்டிருக்கிறார்கள். அடிமை என்று சொல்லி யாரும் நீதிமன்றத்திலே உரிமை கோர முடியாது என்றது சட்டம். ஆனால் அடிமை வைத்திருப்பது குற்றம் என்று சொன்னதா? சொல்லவில்லை. அதைச் சொல்ல இந்தியத் தண்டனைச் சட்டம் வர வேண்டியிருந்தது. 1862-இலேதான் அது நடைமுறைக்கு வந்தது.

தோழர்கள் இங்கே நம்மோடு சற்று நிற்க வேண்டும். இந்த இடத்திலேதான் சூட்சுமம் இருக்கிறது. 1843-இலே அவிழ்த்த கயிற்றை 1859-இலே வேறு முடிச்சாகப் போட்டார்கள். தொழிலாளி முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராவிட்டாலோ, வேலையைப் பாதியிலே விட்டாலோ, அது குற்றம். மூன்று மாதம் வரை கடுங்காவல் என்று ஒரு சட்டம். முன்பணம் கொடுத்தவன் கூலியைக் குறைத்தால்? அடித்தால்? அதற்கு அந்தச் சட்டத்திலே பிரிவு கிடையாது! சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களுக்கென்று வந்த சட்டம் மெல்ல மெல்ல வெளியிலும் பரவியது. அதை நீக்க 1925 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. அடிமை என்ற சொல் போயிற்று, அட்வான்ஸ் என்ற சொல் வந்தது. சங்கிலிக்குப் பதில் கணக்கு நோட்டு. சங்கிலியாவது கண்ணுக்குத் தெரியும். நோட்டு முதலாளியின் பெட்டிக்குள் அல்லவா இருக்கிறது!

உள்ளூரிலே இப்படி என்றால், வெளியூருக்கு வேறு வழி. கரும்புத் தோட்டத்துக் கறுப்பர்கள் விடுதலையாகிவிட்டார்கள், கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே? 1834 முதல் மொரீசுக்கு ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். 1860-இலே சென்னையிலிருந்து 'துருரோ' என்ற கப்பல் புறப்பட்டு, நவம்பர் 16 அன்று நேட்டாலின் டர்பன் கரையிலே நம்மவரை இறக்கியது. தாளிலே கைநாட்டு வைத்தவனுக்கு அதிலே எழுதியிருப்பது தெரியாது; அந்தத் தாள்தான் அவனுக்கு விலங்கு. இந்த ஏற்றுமதி 1917-இலேதான் நிறுத்தப்பட்டது.

வடக்கே ஒருவர் இதையெல்லாம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனா நகரத்து ஜோதிராவ் பூலே. தோட்டக்காரச் சாதியிலே பிறந்தவர். 1873-இலே 'குலாம்கிரி' என்ற நூலை எழுதினார். அதை அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அமெரிக்கக் கறுப்பனின் விலங்கும் இந்நாட்டுச் சூத்திரனின் விலங்கும் ஒரே உலையிலே அடிக்கப்பட்டவை என்று கண்டவர் அவர். மேல்சாதியிலே பிறந்த பெரிய பெரிய தேசியவாதிகளுக்கெல்லாம் அன்று புலப்படாத உறவு, பூலேயின் கண்ணுக்குப் புலப்பட்டது.

நம் செங்கற்பட்டுச் சீமைக்குத் திரும்புவோம். திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தது அண்மையிலே, 1997-இலே. அதற்கு முன் திருவள்ளூரும் பொன்னேரியும் செங்கற்பட்டு மாவட்டம்தான். அந்தச் செங்கற்பட்டிலே கலெக்டர் பொறுப்பு வகித்த டிரமென்ஹீர் என்ற துரை, 1891-இலே ஆதிதிராவிட மக்களின் நிலை குறித்து அரசாங்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். துரைகள் எல்லோரும் ஒரே மாதிரி அல்ல. இவர் கண் திறந்து பார்த்தவர். படியாள்கள் வழிவழியாக ஒரே மிராசுதாருக்கு உழைப்பதைக் கண்டார். சட்டப்படி சுதந்திர மனிதன், அவனைக் கட்டி வைத்திருப்பது எது என்று தேடினார். கண்டுபிடித்தது என்ன? குடிசை நின்ற மண்! சேரியிலே குடிசை போட்டிருக்கிற மனை மிராசுதாருடையது. கூலி போதாது என்று வாய் திறந்தால், "குடிசையைப் பிரித்துக்கொண்டு போ" என்பான் ஆண்டை. எங்கே போவான்? அடுத்த ஊர் மண்ணும் அடுத்த ஆண்டையுடையது. காலிலே சங்கிலி வேண்டியதில்லை. காலடி மண் இன்னொருவனுடையதாக இருந்தால் போதும்.

நிலம் கொடுங்கள், மனை கொடுங்கள், பள்ளிக்கூடம் கொடுங்கள் என்று அவர் எழுதினார். 1892-இலே ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்கிறோமே, அந்த வரலாற்றின் தொடக்கம் அதுதான். அந்த நிலம் எத்தனை ஏக்கர் இன்று உரியவர் கையிலே இருக்கிறது என்று கேட்டால், கேட்பவர் மீது குண்டு பாயும் நாடு இது. 1994-இலே செங்கற்பட்டு மாவட்டத்துக் காரணையிலே பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தையொட்டி நடந்த துப்பாக்கிச் சூட்டிலே இருவர் மாண்டனர்.

துரை எழுதியதைச் சொன்னோம். நம்மவர் எழுதியதைச் சொல்லாவிட்டால் பாவம் சேரும். அதே செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் கிராமத்திலே பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். எந்தப் பெயரைச் சொல்லி இழித்தார்களோ அந்தப் பெயரையே தலைப்பாக்கி 1893-இலே 'பறையன்' என்ற ஏட்டை நடத்தினார். என்ன நெஞ்சுரம்! பிற்பாடு சட்டசபையிலே அமர்ந்து, 1924-இலே, நீதிக்கட்சி ஆட்சிக் காலத்திலே, பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் ஆதிதிராவிடருக்கு உரிமை உண்டு என்ற தீர்மானத்தை நிறைவேற வைத்தார். 1929 பிப்ரவரியிலே தந்தை பெரியார் கண்ட சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு கூடியதும் அதே செங்கற்பட்டிலேதான். சாதிப் பட்டத்தை அந்த மாநாடு உதறித் தள்ளியது. பெண்ணுக்கும் சொத்துரிமை வேண்டும் என்றது. அடிமைத்தனம் வயலிலே மட்டும் இல்லை. பெயரின் வாலிலே இருக்கிறது, அடுப்பங்கரையிலே இருக்கிறது என்று சொன்ன மாநாடு அது. உலகத்து அடிமை ஒழிப்பு இயக்கங்கள் எத்தனையோ. அவை உடலின் விலங்கை உடைத்தன. விலங்கைப் பூட்டிய சாத்திரத்தையே உடைக்கப் புறப்பட்ட இயக்கம் நம்முடையது என்று நாம் பெருமைப்படுவதிலே தவறில்லை.

சாத்திரத்தை உடைப்பது ஒரு பாதி. சட்டம் செய்வது மறு பாதி. தஞ்சையிலே சாணிப்பாலும் சவுக்கடியும் தின்ற பண்ணையாளைத் திரட்டியதிலே சீனிவாசராவின் செங்கொடி இயக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மாற்று முகாம் என்பதற்காக மறைப்பது நம் வழக்கமல்ல. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இலே வந்தது. வந்தும் என்ன? 1968 டிசம்பர் 25 அன்று, நம் ஆட்சி ஏற்பட்டு இரண்டாண்டு நிறைவதற்குள், கூலி உயர்வு கேட்ட கீழ்வெண்மணியிலே 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். ஏட்டிலே சட்டம் இருப்பதாலேயே ஏழைக்கு உயிர் மிஞ்சிவிடாது என்பதை நாடு அந்தச் சாம்பலிலே படித்தது.

அதற்குப் பின் 1971-இலே கலைஞர் அரசு கொண்டுவந்த குடியிருப்பு மனைச் சட்டத்தை இந்த வரிசையிலே வைத்துப் பார்க்க வேண்டும். விவசாயத் தொழிலாளி குடியிருக்கும் மனை அவனுக்கே சொந்தம் என்றது அந்தச் சட்டம். டிரமென்ஹீர் துரை 1891-இலே கண்டுபிடித்த கயிறு எதுவோ, அதை அறுக்கப் போட்ட கத்தி இது. எண்பது ஆண்டு ஆயிற்று! 1973-இலே மனிதனை மனிதன் இழுக்கும் கைரிக்சாவை ஒழித்ததும் அதே அரசுதான். மாட்டைப் போலப் பூட்டப்பட்டவன் நிமிர்ந்து உட்கார்ந்து மிதிக்கட்டும் என்று சைக்கிள் ரிக்சா கொடுத்தார்கள். பெரிய புரட்சியா என்று கேலி செய்தவர்கள் உண்டு. கேலி செய்தவர்கள் ரிக்சாவிலே உட்கார்ந்து போனவர்கள், இழுத்தவர்கள் அல்ல.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், முதலில் 1975 அக்டோபரிலே அவசரச் சட்டமாகவும் பின் 1976-இலே முழுச் சட்டமாகவும் டில்லியிலிருந்து வந்தது. நெருக்கடி நிலைக் காலம் அது. கொத்தடிமையின் விலங்கை அவிழ்க்கச் சட்டம் எழுதிய அதே கை, நம் ஆட்சியைக் கலைத்து, நம் தோழர்களை மிசாவிலே பூட்டியது! இருந்தாலும் சட்டம் நல்ல சட்டம். எழுதியவர் கையைப் பார்த்து எழுத்தை வெறுக்கமாட்டோம். அந்தச் சட்டப்படி, கொத்தடிமை அந்த நொடியே விடுதலை. அவன் பட்ட கடன் அந்த நொடியே செத்தது. அதைக் கேட்டு எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், அப்படியல்ல என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கடன் கொடுத்தவனுடையது. குற்றவாளிக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 2000 ரூபாய் வரை அபராதம். 2000 ரூபாய்! 1976-இலே எழுதிய தொகை. இன்றைக்குச் செங்குன்றத்து அரிசி மண்டியிலே அந்தப் பணத்துக்குச் சிப்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

செங்குன்றம் என்று வாயிலே வந்துவிட்டது. சென்னை நகரமே சோறு தின்பது அங்கேயிருந்து. அங்கே சில அரிசி ஆலைகளிலே நெல்லை ஊறவைத்து, இரவோடு இரவாக அவித்து, களத்திலே காயப்போட்டுக் கிளறியவர்கள் இருளர் குடும்பங்கள். பிரசவம், சாவு, திருமணம் என்று ஏதோ ஒரு நெருக்கடிக்குச் சில ஆயிரம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். அதற்குப் பின் ஆலையின் மதிற்சுவருக்குள்ளே வாழ்க்கை. கணவன் சந்தைக்குப் போனால் மனைவி உள்ளே இருக்க வேண்டும். இருவரும் போனால் பிள்ளை பிணை. எவ்வளவு கழிந்தது என்று கேட்கக் கூடாது. கேட்டால், நேற்றைக்கு இருந்ததைவிட இன்றைக்குக் கடன் அதிகமாக இருக்கும். கூட்டல் தெரிந்த கணக்குப்பிள்ளைக்குக் கழித்தல் தெரியாது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலே இந்த ஆலைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக மீட்கப்பட்டார்கள். அதற்கு முன்பே, 1995-இலே, உச்சநீதிமன்றம் நியமித்த ஆணையர்கள் தமிழ்நாடு முழுவதும் சுற்றி வந்து, கொத்தடிமைகள் பத்து லட்சத்துக்கும் மேல் என்று அறிக்கை கொடுத்தார்கள். அறிக்கை வந்தபோது அதிகாரிகள் அதை நம்ப மறுத்தார்கள். 1819 துரைகளாவது இருப்பதை இருக்கிறது என்று எழுதினார்கள்.

செங்கற்சூளைக்கு நம் பக்கத்திலே 'சேம்பர்' என்று பெயர். சென்னையைச் சுற்றி எழும்பும் அடுக்குமாடிகளுக்கெல்லாம் செங்கல் தரும் சேம்பர்களிலே பல திருவள்ளூர் மாவட்டத்திலே இருக்கின்றன. அங்கே மண் மிதிக்கிற கால் இப்போது ஒடிசாவிலிருந்து வருகிறது. பலாங்கீர் போன்ற வறண்ட மாவட்டங்களிலிருந்து. தரகன் ஊருக்குப் போய் முன்பணம் கொடுப்பான், குடும்பமே ரயிலேறும். அவர்கள் ஊரிலே இதற்குத் 'தாதன்' என்று ஒரு பெயரே இருக்கிறது. 2011-இலே இந்த மாவட்டத்துச் சூளை ஒன்றிலிருந்து அய்ந்நூறுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். 2020-இலே கொரோனா ஊரடங்கின்போது ஒரு சூளையிலே, ஊருக்கு அனுப்புங்கள் என்று கேட்டவர்களை முதலாளியின் ஆட்கள் அடித்து மண்டையை உடைத்தார்கள். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, கையிலிருந்த தொலைபேசியிலே காயப்பட்டவர்களைப் படமெடுத்து வெளியே அனுப்பினாள். போலீசு வந்தது, அதிகாரிகள் வந்தார்கள், ஒரு சூளையோடு நிற்கவில்லை, மாவட்டத்துச் சூளைகளிலிருந்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் ரயிலேறி ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அடிமை ஒழிப்பு வரலாற்றை எழுதுகிறவர்கள் லிங்கன் பெயரை எழுதட்டும். அந்தப் பெண்ணுக்கும் ஒரு பத்தி ஒதுக்கட்டும்.

இங்கே நம் தோழர்களிடம் ஒளிவுமறைவின்றி ஒன்று பேச வேண்டியிருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் வாசல்களிலே மாலை வேளையில் டீக்கடைப் பெஞ்சுகளில் காது கொடுத்தால், "வடக்கன் வந்து நம் வேலையைப் பறித்துவிட்டான்" என்ற பேச்சு கேட்கிறது. நம் கொடியைச் சட்டைப் பையிலே குத்திக்கொண்டவர்களும் பேசுகிறார்கள். வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது என்று நாம் மேடைதோறும் முழங்கியது உண்மை. அந்த வடக்கு எது? தொழிற்சாலைகளை வாரிக்கொண்ட வடக்கு. இந்தியைத் திணித்த வடக்கு. நிதியைத் தராத வடக்கு. பலாங்கீரிலே ஏரி வற்றி, பிள்ளையைத் தோளிலே போட்டுக்கொண்டு ரயிலேறியவன் அந்த வடக்கு அல்லன். அவன் இந்தியைத் திணிக்க வரவில்லை. அவன் தாய்மொழியும் இந்தி அல்ல. 1860-இலே டர்பன் கரையிலே இறங்கிய நம் பாட்டன் எப்படிப் போனானோ, அப்படி வந்திருக்கிறான் இவன். அங்கே நம் பாட்டனைக் 'கூலி' என்று ஏசியவனை நாம் என்ன சொல்வோமோ, அதையே நம்மைப் பார்த்து இவன் சொல்லும்படி நடக்கலாமா?

கூலியைக் குறைப்பது வந்தவன் அல்லன். குறைந்த கூலிக்கு ஆள் தேடிப் போனவன். இரும்பை உருக்கும் உலை வாயிலே நிற்பவனுக்கு இதை நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரே உலை, ஒரே வெப்பம்; ஒருவன் நிரந்தரம், அடுத்தவன் ஒப்பந்தம், மூன்றாமவன் ஒப்பந்தக்காரனிடம் அட்வான்ஸ் வாங்கிய வெளிமாநிலத்தான். மூன்று பேருக்கும் மூன்று கூலி. ஒப்பந்தத் தொழிலாளி எல்லோரும் கொத்தடிமை என்று நாம் சொல்லமாட்டோம்; சொல்லைக் கண்ட இடத்திலே வீசினால் அது மழுங்கிவிடும். ஆனால் 1982-இலே, டில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கிலே உச்சநீதிமன்றம் சொன்னதை ஒவ்வொரு தோழரும் நெஞ்சிலே எழுதிக்கொள்ள வேண்டும். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கூலி கொடுத்து வேலை வாங்கினால், அது அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுத்த கட்டாய உழைப்பே என்றது அந்தத் தீர்ப்பு. பசியும் ஒரு பலவந்தம் என்பதை ஒப்புக்கொண்ட தீர்ப்பு. சவுக்கு இருந்தால்தான் அடிமை என்ற பழைய கணக்கு அன்றோடு முடிந்தது.

மீட்பதோடு வேலை முடிந்துவிடுகிறதா என்றால், அங்கேதான் பாதிப் பேர் மறுபடியும் விழுகிறார்கள். 2019 சூலையிலே காஞ்சிபுரத்துப் பக்கம் மரம் வெட்டும் இடத்திலிருந்து மீட்கப்பட்ட முதியவர் ஒருவர், வந்த அதிகாரியின் காலிலே விழுந்த படத்தை நாடே பார்த்தது. பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள். கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த மாதிரி மீண்டவர்களுக்கு மனை இருக்கிறதா, பட்டா இருக்கிறதா, சாதிச் சான்றிதழ் இருக்கிறதா, ரேசன் அட்டை இருக்கிறதா? இல்லையென்றால் மறு மழைக்குள் மறு அட்வான்ஸ். 1891-இலே துரை எழுதிய அதே மனைதான் இங்கேயும் வந்து நிற்கிறது. 2016 மத்திய அரசுத் திட்டப்படி மீட்கப்பட்டவருக்கு ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் ரூபாய் வரை மறுவாழ்வுத் தொகை உண்டு. ஆனால் முழுத் தொகையும் கைக்கு வர வழக்கின் முடிவைப் பார்த்திருக்க வேண்டும். வழக்கு எப்போது முடியும்? ஆலைக்காரனுக்கு வக்கீல் உண்டு, வாய்தா உண்டு. சாட்சி சொல்ல வேண்டியவன் ஒடிசாவிலோ, அடுத்த சூளையிலோ இருக்கிறான்.

ஆகையால் கிளைக் கழகத் தோழர்களுக்குச் சில நடைமுறைச் சொற்கள். சூளையிலோ ஆலையிலோ இப்படி ஒரு குடும்பம் இருப்பதாகத் தெரிந்தால், கும்பல் சேர்த்துக்கொண்டு வாசலிலே போய்க் கூச்சலிட வேண்டாம். கூச்சல் கேட்டால் இரவிலேயே லாரியிலே ஏற்றி வேறு மாவட்டத்துக்குக் கடத்திவிடுவார்கள். வட்டாட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் எழுத்திலே கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். மாவட்டத்திலும் கோட்டத்திலும் கொத்தடிமை ஒழிப்புக்குக் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அது கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள். விசாரணையின்போது முதலாளியின் ஆள் பக்கத்திலே நிற்கக் கூடாது என்று வற்புறுத்துங்கள். ஒடியா பேசத் தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள்; சிப்காட்டிலேயே கிடைப்பார்கள், நேற்று வரை நாம் முகம் கொடுத்துப் பேசாத அதே தோழர்கள். விடுவிப்புச் சான்றிதழ் கையிலே வராமல் குடும்பத்தை ரயிலேற்ற விடாதீர்கள். அந்தத் தாள் இல்லாமல் ஊர் போய்ச் சேர்ந்தவனுக்குக் கடன் ரத்தானதற்கும் ஆதாரம் இல்லை, உதவித் தொகைக்கும் வழி இல்லை. கும்மிடிப்பூண்டி வட்டத்துக்கு அந்தத் தாளிலே கையெழுத்திட வேண்டிய அதிகாரியின் அலுவலகம் பொன்னேரியிலே இருக்கிறது, பழவேற்காட்டுப் பஸ் புறப்படுகிற அதே ஊரிலே.